வில்லைத் தராசில் வைத்துப் பாருங்கள்: மரவில்லின் கோளாறுகளை நிறைக் கணக்கால் கண்டுபிடிப்பது

மரவில் செய்பவரிடம் அரம் இருக்கும், சுரண்டி இருக்கும், வளைவைப் பார்க்கச் சுவரில் ஒரு மரம் அடித்திருக்கும். கிராம் காட்டும் தராசு மட்டும் பெரும்பாலும் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. வில்லில் ஏதாவது தப்பு தெரியும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த வேலைக்கு வேண்டிய அளவு மரம் இதில் இருக்கிறதா, அது சரியான இடத்தில் இருக்கிறதா? கண்ணால் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. தராசு பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

குழப்பம் வராமலிருக்க ஒரு சொல் ஏற்பாடு. கிராமில் சொல்வது நிறை. பவுண்டில் சொல்வது இழுவிசை. நாணைக் கழற்றிய பிறகும் வில் பழைய நேர்க்கோட்டுக்குத் திரும்பாமல் அம்பெய்பவர் பக்கமாக வளைந்தே நின்றால் அது செட். எய்பவரைப் பார்க்கும் பக்கம் வயிறு, மறுபக்கம் முதுகு. கைப்பிடிக்கு இருபுறமும் வளையும் கைகள் லிம்ப்.

முதலில் இலக்கு எண்

நாணை 28 அங்குலம் வரை இழுக்கும்போது 50 பவுண்டு இழுவிசை கொண்ட நேரான வில்லை எடுத்துக்கொள்வோம். 50 பவுண்டு என்பது சுமார் 222 நியூட்டன். நாண் கைப்பிடியிலிருந்து 6 அங்குல உயரத்தில் தொடங்கி 28 வரை நகர்கிறது, அதாவது 0.56 மீட்டர். இழுவிசை ஏறக்குறைய சீராக ஏறுவதால், சேரும் ஆற்றல் இரண்டின் பெருக்கலில் பாதி: 62 ஜூல். நாணேற்றும்போதே கொஞ்சம் ஆற்றல் சேர்ந்துவிடுகிறது, அதற்கு ஒரு பத்து சதவீதம் போட்டால் 68 ஜூல் வரும்.

இதை மரம் எப்படித் தாங்குகிறது? வில்லுக்கு ஆகும் நடுத்தர மரத்துக்கு யங் குணகம் (விறைப்பின் அளவு) 12 ஜிகாபாஸ்கல், அடர்த்தி கனமீட்டருக்கு 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். செட் பெரிதாக விழாமல் மேற்பரப்பு 0.8 சதவீதம் வரை நீளவும் சுருங்கவும் செய்யலாம் என்று கொள்ளலாம். இப்படி நீளும் அல்லது சுருங்கும் விகிதம்தான் திரிபு. முழுத் திரிபு மேற்பரப்பில்தான், தடிமனின் நடுவில் பூஜ்யம். ஆகவே சராசரியாக மூன்றில் ஒரு பங்கு ஆற்றல்தான் கிடைக்கும். கணக்குப் போட்டால் ஒரு கிலோ மரத்துக்கு சுமார் 180 ஜூல். 68-ஐ 180-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 380 கிராம்.

எந்த வில்லும் நுனிவரை ஒரே அளவு திரிபோடு வளையாது. அதற்காக இருபது சதவீதம் கூட்டினால் வளையும் மரம் 456 கிராம். சுருக்கமாகச் சொன்னால், 28 அங்குல இழுப்புக்குப் பவுண்டுக்கு 9 கிராம். 26 அங்குலம் என்றால் எட்டுக் கிராமுக்குச் சற்று மேல். விறைப்பான கைப்பிடியும் அது லிம்போடு சேரும் சரிவுகளும் தனிக் கணக்கு, பெரும்பாலும் 150 கிராம் பக்கம் வரும். மொத்தத்தில் இந்த வில் 600 கிராமுக்கு அருகில் நிற்க வேண்டும். பத்து சதவீதம் இப்படி அப்படி இருந்தால் பதற வேண்டாம். இவ்வளவு அனுமானங்கள் போட்ட கணக்கில் அதற்கு மேல் துல்லியம் எதிர்பார்ப்பது பேராசை.

இதில் வேடிக்கை என்னவென்றால், லேசான மரத்துக்கும் கனமான மரத்துக்கும் இலக்கு நிறை கிட்டத்தட்ட ஒன்றுதான். லேசான மரத்துக்கு விறைப்பும் குறைவு, அடர்த்தியும் குறைவு. இரண்டும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிடுகின்றன. மாறுவது அகலம். அதே 456 கிராமை லேசான மரத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலமாகப் பரப்ப வேண்டியிருக்கும், கனமான மரத்தில் நாலுக்குள் அடக்கிவிடலாம். நெட்டை வில்லும் குட்டை வில்லும் அப்படியே: குட்டை வில்லுக்கு மரம் குறையாது, அகலமாகும்.

வயிறு தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருந்தால் இந்த எண் போதாது. உருண்டை வெட்டுமுகத்தில் சராசரி ஆற்றல் மூன்றில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்றாக இறங்கிவிடும். அப்படிப்பட்ட வில்லுக்கு வளையும் மரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கூட்ட வேண்டும். கண்ணாடியிழையோ கொம்போ தசைநாரோ ஒட்டிய வில்லுக்கு இந்தக் கணக்கே வேறு. அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

எடை போடும்போது நாண், தோல் சுற்று, அம்பு வைக்கும் மேடை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கைப்பிடியைத் தனியே எடை போட முடியாதுதான். வெட்டிப்போட்ட துண்டு ஒன்றின் நீள அகல உயரத்தை அளந்து, எடை பார்த்து, அடர்த்தியைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் கன அளவை அதனால் பெருக்கினால் போதும்.

அறிகுறி: நிறை இலக்குக்கு மேலேயே இருக்கிறது, ஆனாலும் செட் விழுகிறது

எல்லாக் கோளாறுகளிலும் அதிகம் குழப்புவது இது. மரம் தாராளமாக இருக்கிறது, ஆனாலும் தாங்கவில்லை. பெரும்பாலோர் உடனே மரத்தைத் திட்டுவார்கள். அதற்கு முன் மூன்று சோதனைகள் உண்டு, வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும்.

முதலில் ஈரம். ஈரமான மரம் தராசில் அதிகம் காட்டும், வயிற்றுப் பக்கம் சீக்கிரம் நசுங்கும். ஆக, ஈரம் இருந்தால் நீங்கள் பார்க்கும் கிராமும் பொய், செட்டும் மரத்தின் குற்றமல்ல. அதே பலகையின் துண்டை எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மேலும் குறையாத வரை உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். எடை எவ்வளவு குறைந்ததோ அதை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரப்பதம். எட்டு முதல் பத்து சதவீதம் வரை நல்லது. பன்னிரண்டைத் தாண்டினால் வில்லைக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். துண்டு இல்லையென்றால் வில்லையே தினமும் எடை போடுங்கள். எண் இறங்குவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஈரம் சரியாக இருந்தால் அடுத்தது வளைவு. செட் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வேலை தொடங்கும்போதே வில்லின் பக்கவாட்டு உருவத்தை நீளக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தால் இது ஒரு நிமிட வேலை: வில்லை அந்தக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாலே எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும். செட் ஒரே கையகல இடத்தில் குவிந்திருந்தால் அங்கே வில் கீல் போல மடிகிறது. மற்ற மரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்க, அந்த ஒரு சாண் மட்டும் மொத்த ஆற்றலையும் சுமக்கிறது. மடிகிற இடத்தைத் தொடாமல் அதன் இரு பக்கங்களிலும் வயிற்றைச் சுரண்டி, வளைவைப் பரவ விட வேண்டும். இழுவிசை குறையும், வேறு வழியில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் விழுந்த செட்தான் அதிகம் கெடுக்கும். அங்கே ஏற்படும் சின்னக் கோணமும் நுனிக்குப் போகும்போது பல மடங்கு தூரமாகிவிடும்.

இதற்கு ஒரு சின்ன அளவுகோல் உண்டு. வட்டமாக வளையும் இடத்தில் திரிபு என்பது தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தது. 12 மில்லிமீட்டர் தடிமனும் 75 சென்டிமீட்டர் ஆரமும் இருந்தால் சரியாக 0.8 சதவீதம். அந்த ஆரத்தில் ஒரு அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, முழு இழுப்பில் எடுத்த புகைப்படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கி ஒப்பிட்டால் எந்த இடம் வரம்பு மீறுகிறது என்று தெரியும்.

மூன்றாவது, மரம் இருந்தும் வேலை செய்யாத இடம். கைப்பிடிச் சரிவுகள் அளவுக்கு மீறி நீண்டிருக்கலாம், அல்லது லிம்பின் வெளி மூன்றில் ஒரு பாகம் கட்டையாக விறைத்திருக்கலாம். இந்த மரம் தராசில் ஏறும், ஆற்றலைச் சேமிக்காது. வளையாத பகுதியின் நிறையைக் கழித்துவிட்டு இலக்கோடு மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே இருந்த எண் கீழே போயிருக்கும்.

மூன்றும் சரியாக இருந்தும் செட் விழுந்தால், அப்புறம் மரத்தைத் திட்டலாம். வயிற்றில் குறுக்காக மெல்லிய நசிவு வரிகள் தெரிகின்றனவா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் இழுதூரத்தைக் குறைப்பதைத் தவிர நேர்மையான வழி எதுவும் இல்லை.

அறிகுறி: நிறை இலக்குக்குக் கீழே, செட்டும் விழுகிறது

இது எளிது. மரம் போதவில்லை. சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது, கேட்பதைத்தான் குறைக்க முடியும். மீதமுள்ள வளையும் மரத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். 360 கிராம் இருந்தால் 28 அங்குலத்தில் 40 பவுண்டுதான் அதன் நியாயமான வேலை. 50 வேண்டும் என்று அடம் பிடித்தால் மரம் தன் பங்கைச் செட்டாகத் திருப்பித் தரும்.

அறிகுறி: நிறை இலக்குக்குக் கீழே, இழுவிசை சரி, செட் இல்லை

கோளாறே இல்லை. உங்கள் மரம் 0.8 சதவீதத்துக்கு மேல் தாங்குகிறது. அடுத்த வில்லை இதே மரத்தில் கொஞ்சம் ஒடுக்கமாகச் செய்யுங்கள். தராசின் பேட்டரியை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

அறிகுறி: கொஞ்சம்தான் சுரண்டினேன், இழுவிசை சட்டென்று விழுந்துவிட்டது

இங்கேதான் தராசு மிகத் துல்லியமான துப்பறிவாளர். ஒரு லிம்பின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதம், தடிமனின் மும்மடிக்கு விகிதம். தடிமனில் ஒரு சதவீதம் சீராகக் குறைத்தால் இழுவிசை மூன்று சதவீதம் போகும், அகலத்தில் ஒரு சதவீதம் குறைத்தால் ஒரே சதவீதம்தான். 456 கிராம் வளையும் மரமும் 50 பவுண்டும் உள்ள வில்லில் இதைக் கிராமாக மாற்றிப் பாருங்கள். வயிற்றைச் சுரண்டினால் 4.5 கிராமுக்கு 1.5 பவுண்டு, அதாவது பவுண்டுக்கு 3 கிராம். பக்கவாட்டில் ஒடுக்கினால் பவுண்டுக்கு 9 கிராம்.

இனி ஒவ்வொரு சுற்றுச் சுரண்டலுக்கும் முன்னும் பின்னும் நிறையையும் இழுவிசையையும் குறித்து வையுங்கள். தராசு ஒரு கிராம் வரையாவது காட்ட வேண்டும். வயிற்றிலிருந்து 6 கிராம் போய் 2 பவுண்டு குறைந்தால் கணக்கு நேர். 6 கிராம் போய் 5 பவுண்டு குறைந்தால் மீதி 3 பவுண்டை நீங்கள் சுரண்டவில்லை. ஒரே இடத்தில் சுரண்டிக் கீலாக்கிவிட்டீர்கள், அல்லது இழுத்துப் பார்த்தபோது மரம் நசுங்கிவிட்டது.

இரண்டில் எது என்று தெரிய ஒரு சோதனை. வில்லை 45 சென்டிமீட்டர் வரை இழுத்து விசையைக் குறியுங்கள். பிறகு 50 வரை சில தடவை இழுத்துவிட்டு, மறுபடி 45-க்கு வந்து பாருங்கள். இடையில் சுரண்டியைத் தொடவே கூடாது. எண் அப்படியே இருந்தால் மரம் நலம், குற்றம் சுரண்டிய இடத்தில். அரைப் பவுண்டுக்கு மேல் இறங்கியிருந்தால் மரம் அந்த ஐந்து சென்டிமீட்டரில் அடிவாங்கியிருக்கிறது. சில மணி நேரம் ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் மீளும், முழுதாக மீளாது. செட் கண்ணுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு ஐந்து சென்டிமீட்டருக்கும் இதைச் செய்பவர்களுக்கு முழு இழுப்பில் அதிர்ச்சிகள் குறைவு. பொறுமை இல்லாதவர்கள் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர்களுக்கு விறகுச் செலவு மிச்சம்.

வயிற்றைச் சூட்டில் வாட்டியிருந்தால் இந்தக் கணக்கைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். சூடு ஈரத்தை விரட்டியிருக்கும், தராசு குறைவாகக் காட்டும். காற்றிலிருந்து ஈரம் திரும்பி எண் நிலைத்த பிறகுதான் நாணேற்ற வேண்டும்.

அறிகுறி: நிறை அதிகம், செட் இல்லை, இழுவிசை சரி, ஆனால் அம்பு சோம்பேறி

மரம் தேவைக்கு மேல். ஆனால் எங்கே மேல் என்பதுதான் கேள்வி. கைப்பிடியில் நூறு கிராம் கூடுதலாக இருந்தாலும் அம்புக்குக் கவலையில்லை, அது நகர்வதே இல்லை. நகரும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு விகிதம். லிம்ப் அடியில் கீல் வைத்துத் திரும்புவதாகக் கொண்டால், நடு லிம்பில் உள்ள ஒரு கிராம் நுனியில் உள்ள ஒரு கிராமின் கால் பங்குதான் ஆற்றலை விழுங்கும். குறைக்க வேண்டியது வெளிப் பாகத்தில்.

வெளிப் பாகத்தை மெலிதாக்காதீர்கள், ஒடுக்குங்கள். அகலத்தைப் பாதியாக்கி, அதே விறைப்புக்குத் தடிமனை 26 சதவீதம் கூட்டினால், அந்தப் பகுதியின் நிறை 37 சதவீதம் குறையும். திரிபும் 26 சதவீதம் ஏறும்தான், ஆனால் வெளிப் பாகம் குறைவாகவே வளைவதால் அதற்கு இடமிருக்கிறது. முடிந்த வில்லில் தடிமனைக் கூட்ட முடியாது. அதனால் இந்த யோசனை மரத்தைக் கோடு போட்டு அறுக்கும் நேரத்திலேயே வர வேண்டும். முடிந்த வில்லில், வெளிப் பாகம் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் மட்டும், பக்கங்களைச் சுரண்டுங்கள். கடைசி 15 சென்டிமீட்டர் 12 மில்லிமீட்டர் அகலமும் 12 தடிமனும் இருந்தால் 15 கிராம். அகலத்தை 9 ஆக்கினால் நுனிக்கு நாலு கிராம் மிச்சம். தடிமனைவிட அகலம் ரொம்பவும் குறைந்தால் நுனி பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும், அங்கே நிறுத்திவிட வேண்டும். நாண் பள்ளத்துக்கு அடியிலும் மரம் போதுமான அளவு நிற்கட்டும்.

அம்பு விட்டவுடன் கை அதிர்கிறது என்றாலும் முதலில் இதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஒரு லிம்ப் கனம்

கைப்பிடியின் நடுவை ஒரு பென்சிலின் மேல் வைத்தால் வில் ஒரு பக்கம் சாய்கிறது. கீழ் லிம்ப் சற்று விறைப்பாக இருப்பது வழக்கம், கொஞ்சம் சாய்வு தப்பல்ல. இரண்டும் ஒரேமாதிரி வளைந்து ஒன்று மட்டும் கனமென்றால், மரத்தின் அடர்த்தி ஒரு முனையில் கூடுதல், விட்டுவிடுங்கள். கனமானதே விறைப்பும் என்றால் அதைத்தான் சுரண்ட வேண்டும். லேசானது விறைப்பாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: அநேகமாகக் கனமான லிம்ப் எங்கோ ஓரிடத்தில் நசுங்கி வலுவிழந்திருக்கிறது. முன்னே சொன்ன காகிதக் கோட்டில் அதை வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: நிறை சரி, வளைவு சரி, செட் இல்லை, இருந்தும் வேகம் இல்லை

இப்போது வேகமானி தேவை. அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக் 1940-களில் வில்லுக்கு ‘மாய நிறை’ என்று ஒன்றைக் கணக்கிட்டார். வில் தரும் ஆற்றல் அம்புக்கு மட்டும் போவதில்லை. அம்போடு கூடவே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நிறையும் அதே வேகத்தில் பறப்பதுபோல நினைத்துக்கொண்டால் கணக்கு நேராகிறது. லிம்பும் நாணும் விழுங்குவதெல்லாம் அந்த நிறையில் அடக்கம். ஒரு வில்லுக்கு அது ஏறக்குறைய மாறாத எண்.

இரண்டு வெவ்வேறு எடை அம்புகளை ஒரே இழுதூரத்திலிருந்து விட்டு வேகத்தை எடுங்கள். 30 கிராம் அம்பு நொடிக்கு 50 மீட்டர், 40 கிராம் அம்பு 45.1 மீட்டர் போவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் நிறையையும் வேகத்தின் இருமடியால் பெருக்குங்கள்: 75,000, 81,360. இவற்றின் வித்தியாசம் 6,360. வேக இருமடிகள் 2,500, 2,034, வித்தியாசம் 466. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 13.6 கிராம், அதுதான் மாய நிறை. எச்சரிக்கை: கனமான அம்பின் வேகத்தை அரை மீட்டர் தப்பாக எடுத்தால் விடை 14-லிருந்து 19-க்குத் தாவும். ஆகவே ஒவ்வொரு அம்பையும் பலமுறை விட்டுச் சராசரி எடுங்கள், இழுதூரத்தை யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

மாய நிறை பெரிதாக வந்தால் ஆற்றல் இருக்கிறது, வழியில் தொலைகிறது. நாணின் நிறையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தக் கணக்கில் சேரும். 12 கிராம் நாணை 6 கிராம் நாணாக மாற்றினால் 2 கிராம் குறையும். வில்லில் கைவைக்காமல் கிடைக்கும் லாபம் அது, அதனால் முதலில் அதைச் செய்யுங்கள், அப்புறம் நுனிகளுக்குப் போங்கள். மாய நிறை சிறிதாக இருந்தும் அம்பு மெதுவாகவே போனால் ஆற்றலே குறைவாகச் சேருகிறது. நாண் உயரம் தேவைக்கு மேல் இருக்கலாம், அதைக் குறைத்தால் அம்பு தள்ளப்படும் தூரம் கூடும். அல்லது எய்யும்போது உங்கள் கை 28 அங்குலம் என்று நினைத்துக்கொண்டு 26-இல் நின்றுவிடுகிறது. அம்பில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.